குழாயில் காது வைத்தபடி

தண்ணீர் ஓடுகிற எந்த வீட்டிலும் நமக்குக் கேட்கிற சத்தம் பாதிதான். கேட்காத மீதியைப் போய்க் கேட்டுவிட்டு வருவது என் பிழைப்பு.

உங்கள் வீட்டிலும் இருக்கும். போர் தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட்டில் வெள்ளைக் கோடு, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு, ஸ்விட்ச் போட்டு அரை மணி ஆகியும் வெதுவெதுப்பைத் தாண்டாத கீசர். உப்பு கட்டிய கீசரை நம்பி உடம்பெல்லாம் சோப்போடு நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்த மாதிரி வீடுகளுக்குத்தான் நானும் பிளம்பர் ரஹீம் அண்ணனும் போகிறோம். அவர் கையில் ஸ்பானர். என் கையில் ஒரு கறுப்புப் பெட்டி. மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தை வைத்து வேலை செய்கிற கருவிகள் அதில் இருக்கின்றன. சுவருக்குள் ஒழுகுவதை ஹெட்போனில் கேட்க ஒன்று, குழாய் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்க ஒன்று, உப்பு படிவதைக் குறைக்கக் குழாயில் மாட்டிவிட்டு வர ஒன்று.

பெட்டியின் அடியில், ஸ்பாஞ்சுக்குக் கீழே, நாலாக மடித்த ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டும் பல மாதம் இருந்தது. என் மகள் ரோஷினி பிறந்தபோது, காது கேட்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தது. முதலில் அவளுக்குச் சளி. பிறகு எனக்கு வேலை. பிறகு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், என் கணவர் ஃபிட்டராக இருக்கும், பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட்டை ஒட்டியே ஒரு வீடு கிடைத்துக் குடிமாறினோம். அதற்குள் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் பயம். அவள் தூங்குகிற நேரத்தில்தான் இப்படி உட்கார்ந்து எழுத முடிகிறது, அதனால் நடுவில் நிறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு ஒரு ஸ்கேன்

ஒரு தோட்டத்து வீட்டு மொட்டை மாடி. சோலார் ஹீட்டரிலிருந்து கீழே இறங்கும் பழைய இரும்புக் குழாய். அதன் மேல் கொஞ்சம் ஜெல் பூசி, கருவியின் முனையை அழுத்திப் பிடித்தேன். உள்ளே அனுப்புகிற சத்தம் குழாயின் உள்பக்கத்தில் பட்டுத் திரும்பி வரும். வருவதற்கு எடுக்கிற நேரத்தை வைத்து, இரும்பு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று திரையில் எண் வரும். இதே ஜெல்தான் போன வருஷம் என் வயிற்றில் பூசினார்கள். இதே குளிர்ச்சி. வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த அரையிருட்டு ஸ்கேன் அறை அப்படியே கண் முன் வந்துவிட்டது. சாம்பல் நிறத் திரையில் ஒரு கை மெல்ல எழுந்து, எதையோ தொடப் போவது போல நின்று, மறுபடி மங்கியது. அன்று அந்த டாக்டரிடம் கேட்டுக் கேட்டு நான் கை எண்ணினேன், விரல் எண்ணினேன். காதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்காரம்மா அருகில் வந்து ஜெல்லைத் தொட்டுப் பார்த்தார். "ஏனம்மிணி, இது வயித்துப்புள்ளைக்குப் பண்ற ஸ்கேனாட்டவே இருக்குதுங்களே?" என்றார். கிட்டத்தட்ட அதேதான் என்றேன். அவர் குழாயைக் கொஞ்ச நேரம் அக்கறையாகப் பார்த்துவிட்டு, "அப்ப இதுக்கு எத்தன மாசமுங்க?" என்று ரஹீம் அண்ணனைக் கேட்டார். ரஹீம் அண்ணன் என் திரையை எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "நெறமாசமுங்க. இன்னிக்கே மாத்தீரலாமுங்க."

பச்சை விளக்கு

பவர்டேபிள் தையல் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் வீட்டில், கீசருக்குத் தண்ணீர் போகும் குழாயில் உப்பைக் குறைக்கிற கருவியை மாட்டினோம். ஏற்கெனவே கட்டிய உப்பை இது பெயர்த்துவிடாது, புதிதாகக் கட்டுவதைத்தான் குறைக்கும், அதுவும் எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி இருக்காது என்று அவரிடம் சொன்னேன். இதையெல்லாம் சொல்லாதே என்பார் எங்கள் முதலாளி. ஆனால் பன்னிரண்டு வருஷம் கான்வென்ட் சிஸ்டர்களிடம் வளர்ந்த நாக்கு. உண்மையைச் சொல்ல எனக்கு முன்னால் அது போய்விடும்.

அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கவலை வேறு. கருவியில் பச்சை விளக்கு எரிகிறது, சத்தத்தைக் காணோம். காதை வைத்துக் கேட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். நாலு நாள் கழித்துப் போனபோது கருவி அணைந்து கிடந்தது. ஓடவில்லை என்று அவரே முடிவு செய்து ஸ்விட்சை அணைத்திருந்தார். நமக்குக் கேட்காத சத்தம் அது என்று மறுபடி விளக்கினேன். விளக்கு எரிகிறதே, அதை நம்புங்கள் என்றேன். சொல்லும்போதே, ரோஷினிக்கும் எங்காவது இப்படி ஒரு பச்சை விளக்கு இருந்திருக்கக் கூடாதா என்று மனசு எங்கோ போய்விட்டு வந்தது. அவர் தலையை ஆட்டினார். "நம்மூர்ல சத்தம் போடாம வேல செய்யறது எதுவுமே இல்லீங்க அம்மிணி. என்னைய நம்பச் சொன்னா எப்படிங்க?"

நாய்க்கு வந்த கோபம்

இன்னொரு வீட்டில் அதே கருவியை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும், கட்டிலடியில் படுத்திருந்த நாய் எழுந்து, பாத்ரூம் சுவரைப் பார்த்துப் பின்வாங்கியபடியே குரைத்தது. நிறுத்தினால் அமைதி. போட்டால் குரைப்பு. நாய்க் காதுக்கு அது எட்டுகிறது. நானும் ரஹீம் அண்ணனும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் காதுகள் விசிறி மாதிரி விரிந்து சுவர்ப் பக்கம் திரும்பின. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு காது சத்தத்தைத் தேடித் திரும்புவது அவ்வளவு அழகு என்று அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

வேண்டாமென்றால் கழற்றிவிடுகிறோம் என்று வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன். அவர் அவசரமாகத் தடுத்தார். "இருக்கட்டுமுங்க, இனி நாயி பாத்ரூம் பக்கமே வராது. இன்னொண்ணு இருந்தாக் குடுங்க, எம் மாமியார் ரூம்புல மாட்டோணும்."

பாத்திர மூடி

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ரோஷினியின் முதுகுப் பக்கம் நின்று ஒரு பாத்திர மூடியைக் கரண்டியால் தட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து, என் துப்பட்டாவின் நுனியை உலகத்திலேயே முக்கியமான விஷயம் போல ஆராய்ந்துகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். சன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல. என் கையில் மூடி கனத்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் கை வைத்து, "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி உதறியபடி, ஊருக்கே கேட்கிற குரலில் எனக்கு ஆறுதல் சொன்னார். "அட, என்னையவே நீ மூணு தடவ கூப்புட்டாத்தான் திரும்பறேன். எம்புள்ள வேற எப்படி இருப்பா?"

ஒரே சுவர்

ஊத்துக்குளியில் ஒரு வெண்ணெய் வியாபாரி. தம்பியும் அவரும் வீட்டை நடுச்சுவரோடு பிரித்துக்கொண்டு, இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அண்ணன் பக்கத்துச் சுவரில் ஈரம் ஏறுகிறது. தம்பி வீட்டுப் பாத்ரூம்தான் காரணம் என்பது அண்ணனின் தீர்ப்பு. கருவி அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நான் அந்த வீட்டில் இல்லை. குழாய் ஒழுகுகிற இடத்தில் எழும் மெல்லிய சீறல் நம் காதுக்கு மேலே எங்கோ இருக்கிறது. கருவி அதைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து தரும். யாரோ அடுத்த அறையில் பட்டுச் சேலையை மடித்து வைப்பது போல இருக்கும். சுவரில் முனையை வைத்து வைத்து, அந்தச் சேலையைத் தேடி நடந்தேன். கடைசியில் அது மடிக்கப்பட்ட இடம் அண்ணனின் சொந்த சோலார் லைன். இளஞ்சூடான தண்ணீர் பிளாஸ்டிக் குழாய் மூட்டில் கசிந்து, இரண்டு பக்கமும் ஊறியிருந்தது.

அண்ணன் ஹெட்போனை வாங்கித் தானே கேட்டார். நம்ப முடியாதவர் போல ரொம்ப நேரம் கேட்டார். உடைக்க வேண்டிய சுவர் பொதுச் சுவர் என்பதால் ரஹீம் அண்ணன் போய்த் தம்பியை அழைத்து வந்தார். தம்பி வாசலிலேயே நின்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சண்டைக்கு நல்ல சந்தர்ப்பம், அவர் போடவில்லை. என்னைப் பார்த்து, ஆனால் அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி, சொன்னார். "மார்கழில அந்தச் செவுரு வெதுவெதுன்னு இருக்குமுங்க. எங்கூட்டுப் புள்ளைங்க அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் படிக்கும். அடைக்கோணுமுன்னா அடைச்சுக்கச் சொல்லுங்க."

கரண்ட் போன நாள்

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் எங்களுக்கு வேலை குறைவு. அன்று நான் வீட்டில் இருந்தேன். வழக்கமாகப் பகலில் ரோஷினியைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு சரசக்கா. முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். மூன்று பிள்ளைகளையும் இதே வரிசை வீட்டில் வளர்த்தவர்.

கரண்ட் போனதும் யூனிட்டில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். அன்று எடுக்கவில்லை. எல்லா மிசினும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றி ஓய்ந்தன. இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக என் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. குழாயில் ஒரு சொட்டு. தூரத்தில் ஒரு காகம். தண்ணீருக்கு அடியில் இருந்து தலையைத் தூக்கியது போல இருந்தது. அப்போது தொட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த ரோஷினி விழித்து, வீறிட்டு அழுதாள்.

அழுகையைக் கேட்டு சரசக்கா வந்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஜெனரேட்டருக்கு மாத்தற நேரத்துலயும் இப்படித்தான், டக்குனு முழிச்சுக்குவா. எம்புள்ளைங்களும் அப்படித்தான் வளந்துச்சு. மிசின் ஓடுனாத் தூங்கும், நின்னா அழும்" என்றார். நான் தொட்டில் மாட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிசின்கள் ஓடும்போது அந்தக் கம்பி விடாமல் அதிரும். இப்போது அதுவும் நின்றிருந்தது. சத்தம் நின்றதால் விழித்தாளா, அதிர்வு நின்றதால் விழித்தாளா? சந்தோஷப்படக்கூட விடாத தொழில் என்னுடையது. இதை சரசக்காவிடம் சொன்னேன். பெட்டியில் இருக்கும் சீட்டைப் பற்றியும் முதல் தடவையாகச் சொன்னேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஊரூராப் போயி குழாயிக்கெல்லாம் டெஸ்ட்டு வெக்கறே. இவளுக்கும் ஒண்ணு வெச்சுட்டு வந்துரு கண்ணு."

வலது காது

மறுநாள் காலை ரஹீம் அண்ணனின் வண்டியில் ரோஷினியோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. எங்கள் கான்வென்ட் தாழ்வாரத்தில் கூட அவ்வளவு அமைதி இருந்ததில்லை. சோதனை செய்கிற பெண் என்னைவிடச் சின்னவள். பால் குடித்துவிட்டு மடியில் தூங்கிய ரோஷினியின் காதில் ஒரு மெத்தென்ற முனையை வைத்தாள். அது உள்ளே ஒரு மெல்லிய சத்தம் அனுப்பும், நல்ல காதாக இருந்தால் தானும் மிகச் சின்னதாக ஒரு சத்தத்தைத் திருப்பித் தரும், அதைத்தான் பிடிக்கிறோம் என்று விளக்கினாள். அதை எனக்கு விளக்க வேண்டுமா? மாடி மாடியாக நின்று, போன சத்தம் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தவள் நான். ஆனால் எந்த இரும்புக் குழாயிடமும் நான் இப்படி மன்றாடியதில்லை.

இடது காது திருப்பித் தந்தது. வலது காது தரவில்லை. மறுபடி வைத்தாள். தரவில்லை. என் மூச்சுச் சத்தம் கெடுக்கிறதோ என்று மூச்சை நிறுத்தினேன். அவள் முனையைக் கழற்றி, ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்து, இன்னும் சின்னதாக ஒன்றை மாட்டினாள். திரையில் கோடு ஒன்று தயங்கித் தயங்கி ஏறியது. பச்சை.

பிறகு டாக்டரும் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெளியே வரும்போது அந்தப் பெண்தான், வீடு எங்கே என்று கேட்டாள். நிட்டிங் யூனிட்டை ஒட்டி, ஒரே சுவர் என்றேன். அவள் சீட்டில் எதையோ எழுதியபடியே சிரித்தாள். "ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுக்கா. அவ்வளவு எரைச்சல்ல நீங்க கூப்பிடறது அவளுக்குத் தனியாத் தெரியாது, கிட்டப் போய் மொகத்தப் பாத்துக் கூப்பிடுங்க. முடிஞ்சா வீட்ட மாத்துங்க."

ஊரார் சுவருக்குள் கசிகிற சொட்டுத் தண்ணீரை ஹெட்போன் போட்டுக் கேட்டுச் சொல்கிற எனக்கு, என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற முப்பது மிசின் மட்டும் இத்தனை மாதமாகக் கேட்கவே இல்லை.