உச்சியண்ணன் கொண்டுவந்த கிளை

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் உச்சியண்ணன். மழைக்காட்டு மரங்களில் கயிறு போட்டு ஏறி, எங்கள் ஆராய்ச்சிக்கு இலையும் பூவும் வெட்டித் தருவது அவர் வேலை. நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து சாவகாசமாகக் கொட்டாவி விடுவார். லிஃப்டைக் கண்டால் மட்டும் முகம் வெளிறிவிடும்.

நான் தாவரவியல்காரி, முன்கோபி. என் வாய்க்குப் பயந்து, அவருக்கு முன்பு அந்த வேலையில் இருந்த இரண்டு பேர் ஓடியே போனார்கள். இவருக்கோ படிக்கிற பெண்கள் இரண்டு பேர். இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை.

அந்த வருஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மரத்தின் இலை ஒரு தாவரக் குடும்பத்தைக் காட்டியது, பூ வேறொரு குடும்பத்தை. எதிலும் அடங்காத புது மரம்! கட்டுரை தயார், மறுநாள் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஏதோ கையெழுத்துப் போட வந்த உச்சியண்ணன், காயவைத்துத் தாளில் ஒட்டியிருந்த மாதிரியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மேடம், இலை நான் வெட்டினதுதான். இந்தப் பூ எங்க கிடைச்சுது?"

"மரத்தடியில நான்தான் பொறுக்கினேன். ஏன்?"

"இது அந்த மரத்துப் பூ இல்ல மேடம். உச்சியில ஒரு கொடி படர்ந்திருக்கு. அதோட பூ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மரம் ஏறத்தான் உங்களுக்குச் சம்பளம், எனக்குப் பாடம் எடுக்க இல்ல. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்!"

கத்தினேனே தவிர, கட்டுரையை அனுப்பக் கை வரவில்லை. கூப்பிட்டு விசாரிக்கக் கௌரவமும் விடவில்லை. ஐந்தாம் நாள் அவரே வந்தார், குளவி கொட்டி ஒரு கண் திறக்க முடியாமல். ஈரத்துணியில் சுற்றிய கிளையை மேஜையில் வைத்தார்.

"தனியாப் பறிச்சா நம்ப மாட்டீங்கன்னு கிளையோட வெட்டிட்டு வந்தேன்."

இலைக்கணுக்களில் கடுகளவு பச்சைப் பூக்கள். லென்ஸில் பார்த்தேன். இலை சொன்ன அதே குடும்பம். நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்ட மரம். கொடியின் பூவை மரத்தின் தலையில் கட்டி, உலகமே சிரிக்க நின்றிருப்பேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தோளிலிருந்த கயிற்றுச் சுருளையும் பெல்ட்டையும் இறக்கிவைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம், பாத்துக்குங்க. புதுசா வர்ற ஆளுகிட்ட அந்தக் குளவிக்கூட்டை மட்டும் சொல்லிடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுடுங்கண்ணே" என்று கயிற்றை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

பதினெட்டு வருஷமாகிறது. அவரைக் கேட்காமல் ஒரு பூவையும் நான் எந்த மரத்தின் பெயரிலும் எழுதியதில்லை.