என் தங்கை எழுதிய எட்டுப் பக்கம்

என் தங்கை பி.ஏ. படிக்கிறாள். சமூகவியல், தபால் வழியில். அவளுக்கு முப்பத்தைந்து வயது. எனக்கு நாற்பத்தைந்து. நான் அஞ்சாவதோடு நின்றவள்.

எங்கள் ஊர் கந்தர்வகோட்டைப் பக்கம். உள்ளூரிலேயே அத்தை மகன்கள் ரெண்டு பேரை நாங்கள் ரெண்டு பேரும் கட்டிக்கொண்டோம். அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர், வாசலில் ஒரே குழாய். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் உதவி. நான் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறேன். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் பருப்பு வரும். தோட்டில் இருக்கிற எண்ணெய் கையைத் தின்னும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்க வேண்டும். அப்படியும் விரல் நுனி கருத்துத்தான் கிடக்கும்.

அவளைப் படிக்கச் சொன்னது பால்வாடி டீச்சர். என் தங்கை மூன்று வயதில் போன அதே பால்வாடியில் இன்னும் இருக்கிறார். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. விண்ணப்பம் வாங்கி வந்தது, போட்டோ ஒட்டியது, கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டியது எல்லாம் அவர்தான்.

"ஒரு டிகிரி இருந்தா எனக்கப்பறம் நீயே இங்கிட்டு உக்காரலாம்னாங்கக்கா."

இதை என் தங்கை என்னிடம் நாலு தடவை சொன்னாள். அந்த நாலு நாளும் உடைத்ததில் பாதிப் பருப்பு நொறுங்கல்.

ஆனால் படிப்பு நடந்தது என் வாசலில்தான். சாயங்காலம் அவள் வந்து எதிரில் உட்காருவாள். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பாள். அப்புறம் மூடி வைத்துவிட்டு ஒப்பிப்பாள். நான் கொட்டையை உடைத்துக்கொண்டே கேட்பேன். விட்டுப்போனால் எனக்குத் தெரிந்துவிடும். இப்படிக் கேட்டுக் கேட்டே எனக்கும் பாடம் ஏறியது.

தகுதிநிலை என்று ஒன்று. ஊரில் ஒருத்தருக்கு இருக்கிற இடம். அது ரெண்டு வகை. பிறந்ததும் ஒட்டிக்கொள்வது ஒன்று. மகள், அக்கா, இன்ன சாதி என்பதெல்லாம் அந்த வகை. நாமாகப் பாடுபட்டு அடைவது இன்னொன்று. டீச்சர், டிரைவர், நர்சு எல்லாம் அதில் வரும். அந்த இடத்துக்கு உண்டான வேலையைச் செய்வதற்குப் பங்கு என்று பெயர்.

"அப்ப அக்காங்கிறது சும்மா வந்ததா?" என்று கேட்டேன்.

"பொறப்புல வந்ததுக்கா. புஸ்தகத்துல அப்படித்தான் போட்ருக்கு."

"டீச்சர் பாடுபட்டு வந்தது."

"ஆமா."

"அக்காவா இருக்கிறதுக்குப் பாடு கிடையாதாக்கும்."

"புஸ்தகத்துக்கிட்ட சண்டை போடாத" என்றாள்.

நெறி என்று இன்னொன்று. யாரும் எழுதி வைக்காமலே எல்லாரும் நடக்கிற முறை. மீறினால் ஊர் பேசும். அந்தப் பேச்சுத்தான் தண்டனை. இதைப் படித்த அன்று டீச்சர் தெருவில் போனார். என் தங்கை எழுந்து நின்றாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். மடியில் கொட்டை இருந்தது. இல்லாவிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

"எந்திரிச்சா என்ன கொறஞ்சு போயிரும்?" என்றாள், அவர் போன பிறகு.

"எனக்கு அவங்க டீச்சர் இல்லையே" என்றேன்.

அதுவும் உண்மைதான். பால்வாடி ஊருக்கு வந்தபோது நான் பெரியவள்.

எனக்குப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது. குழுவில் ரெண்டு வகை. முகத்துக்கு முகம் பார்த்து, நாள் பூராவும் பழகி, ஒருத்தருக்கொருத்தர் ஆகிப்போனது முதன்மைக் குழு. வீடு, கூட விளையாடின பிள்ளைகள், அக்கம்பக்கம் எல்லாம் அதில் சேரும். ஒரு காரியத்துக்காகக் கூடிக் காரியம் முடிந்ததும் பிரிவது இரண்டாம்நிலைக் குழு. ஆபீசு, கட்சி, சங்கம் மாதிரி.

"பால்வாடி எதுல வரும்?"

கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டாவதுலதான் வரணும்."

அன்றைக்கு நான் நிறைய உடைத்தேன். ராத்திரிச் சோற்றுக்கு அவள் வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டேன்.

அப்புறம் அசைன்மெண்ட் வந்தது. எட்டுப் பக்கம் கையால் எழுதிப் புதுக்கோட்டையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை கடைசி நாள். கேள்வி இதுதான். பிறந்த குழந்தைக்கு ஊரில் வாழத் தெரியாது. யாரோ பழக்கித்தான் தெரிகிறது. அதற்குச் சமூகமயமாதல் என்று பெயர். உன்னை அப்படிப் பழக்கியவர் யார், எப்படிப் பழக்கினார், உன் வாழ்க்கையிலிருந்து எழுது.

கேள்வியை அவள் படித்துக் காட்டியபோது நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்று இருந்தது. இனி அவளே சொல்வாள் என்று நினைத்தேன். அவளைத் தவழ விட்டதும், நடக்க விட்டதும், சோறு பிசைந்ததும் நான். ஆத்தாவும் அப்பாவும் விடிந்தால் கடலைக் கொல்லைக்கு வேலைக்குப் போனவர்கள்.

அந்த வாரம் பூரா அவள் என் வாசலுக்கு வரவில்லை. அவள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதினாள்.

"படிச்சுக் காட்டேன்" என்றேன், குழாயடியில் பார்த்தபோது.

"இது ஒப்பிக்கிறது இல்லக்கா. எழுதுறது" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சத்துணவுக்குப் போயிருந்தாள். நான் உடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து அவள் வீட்டுக்குள் போனேன். தீப்பெட்டி எடுக்கப் போனேன் என்று சொல்லலாம். தீப்பெட்டி என்னிடம் இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் தாள்களை வைத்து மேலே சோப்பு டப்பாவைப் பாரமாக வைத்திருந்தாள்.

கையில் சாம்பல் இருக்கிறது, தாளில் எண்ணெய் ஒட்டாது என்று நினைத்தேன். அது என் தப்பு. வெயில் நேரம். கை வேர்த்திருந்தது.

எனக்கு வாசிக்க வரும். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வரும். விரலை எடுத்தால் வரி தப்பிவிடும். முதல் ரெண்டு பக்கம் புத்தகத்தில் உள்ளது. எனக்குத் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் வந்தது.

'உண்ணும் முன் கை கழுவவும், வரிசையில் நிற்கவும், இருப்பதைப் பகிர்ந்து உண்ணவும் எனக்கு முதலில் கற்றுத் தந்தவர் எங்கள் ஊர் பால்வாடி ஆசிரியை.'

அந்த வரியை மூன்று தடவை கூட்டினேன். மீதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அக்கா என்ற எழுத்து எனக்குப் பார்த்தவுடன் தெரியும். எட்டுப் பக்கத்திலும் இல்லை.

தாளை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கட்டையைக் கையில் எடுத்தேன், உடைக்கவில்லை. டீச்சர் மேல் வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. அவர் புடவை கட்டுகிற விதம், பேனாவைத் தலைமுடியில் சொருகுகிற விதம், ஏதோ ஒன்று என்று இல்லை, எல்லாமே எரிந்தது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டவர் அவர். மீதி இருபது மணி நேரம் யார் இடுப்பில் இருந்தாள் இவள்?

சாயங்காலம் அவள் தாள்களோடு என் வாசலுக்கு வந்தாள். கோபமாக வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, இத எடுத்தியா?"

"இல்ல."

அவள் மூன்றாம் பக்கத்தை நீட்டினாள். அந்த ஒரு வரிக்குக் கீழே கோடு போட்ட மாதிரி கருப்பு ஓடியிருந்தது. 'முதலில்' என்ற இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குத் திட்டு. மற்ற பக்கங்களில் ஓரத்தில் ஓரத்தில் கைத்தடம். கொட்டை எண்ணெய்க் கறை எதற்கும் போகாது.

"எந்த வரியில நின்னன்னு வரைக்கும் எழுதி வச்சிருக்கியே. இன்னும் இல்லங்கிற."

"எடுத்தேன்" என்றேன்.

"காலைல பஸ்ஸு வர்றதுக்குள்ள எட்டுப் பக்கம் திரும்ப எழுதணும்."

"எழுது. கை வலிச்சா டீச்சரம்மாவக் கூப்புடு. வந்து நீவி விடுவாங்க."

"ஒனக்குப் பொறாமைக்கா."

"ஆமா" என்றேன்.

அவள் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். கீழே உட்கார்ந்தாள்.

"மொத ஒன்னத்தான் எழுதுனேன். மூணு தாளு கிழிச்சேன். ஒன்ன எழுதுனா நீ ஏன் அஞ்சாப்போட நின்னன்னு எழுதணும். என்னாலன்னு எழுதணும். அதப் போயி யாரோ ஒரு ஆளு செவப்பு மையில டிக்கு அடிப்பாரு. எனக்குக் கை வரல."

நான் மடியில் இருந்த கொட்டையைக் கூடையில் கொட்டினேன். இதை அவள் இதுவரைக்கும் என்னிடம் பேசினதில்லை. நானும் பேசினதில்லை. அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

"அதுக்காக, செய்யாதவங்க செஞ்சதா எழுதுவியா?" என்றேன்.

"செய்யாதவங்க இல்ல. அவங்களும் செஞ்சாங்க."

"மொதல்ல யாரு?"

அவள் தாள்களை அடுக்கினாள்.

"கை கழுவ மொதல்ல யாருடி பழக்குனது?"

"நீதான்."

"அப்ப எழுது."

"நடந்ததப் பூரா எழுதவா?"

"நடந்தத எழுது."

அவள் நோட்டைக் கொண்டுவந்தாள். நான் கையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தாளுக்கு எட்டாமல் தள்ளி உட்கார்ந்தேன். சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆவணி மாசம். கடலைக்குக் களை வெட்டு. ஆத்தா கொல்லைக்குப் போயாக வேண்டும். நீ தவழ்கிற பிள்ளை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிள்ளையோடு உள்ளே வரக்கூடாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஏழாம் வாய்ப்பாடு நடந்தது. நீ அழுதாய். மறுநாளும் போனேன். மறுநாளும் அழுதாய். அதற்கு அடுத்த நாள் போகவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"என் மேல கோவம் வரலையாக்கா?"

"ஒரு தடவை கிள்ளுனேன். அத எழுத வேண்டாம்."

அவள் அதையும் எழுதினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"டீச்சர எடுத்துரு" என்றேன், கடைசியாக.

"எடுக்க மாட்டேன்."

"ஒரு பக்கமாவது கொறை."

"கொறைக்க மாட்டேன்க்கா. 'முதலில்'ங்கிறது ஒனக்கு. மிச்சம் அவங்களுக்கு. இதுக்கு மேல கேக்காத."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். முழுசாக எழுதி முடிக்கக் காலை ஆறரை ஆயிற்றாம்.

பஸ் எட்டரைக்கு. நான் வேலையைப் போட்டுவிட்டு வழியனுப்பக் கூடவே போனேன். வேலையிருக்கிறது, வர வேண்டாம் என்றாள். கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் டீச்சர் நின்றிருந்தார். புதுக்கோட்டையில் அவருக்கு மீட்டிங். என் தங்கை தன்னைப் பற்றி எழுதுகிறாள் என்று அவருக்கு முன்னமே தெரியும். அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

"எங்க, படி, கேப்போம். பஸ்ஸு வர நேரமிருக்கு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் படித்தாள். முதலில் கற்றுத் தந்தவர் என் அக்கா என்று வந்தது. ஜன்னல் வந்தது, வாய்ப்பாடு வந்தது, கிள்ளியதும் வந்தது. ரோட்டில் ஒரு டிராக்டர் போனது. அது போகிற வரை நிறுத்திவிட்டு மறுபடி படித்தாள். அதன் பிறகுதான் டீச்சர் வந்தார். நான் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுருங்குமா என்று பார்த்தேன். சுருங்க வேண்டும் என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அது சரிதான்" என்றார் டீச்சர். "இவ மொத நாள் வரும்போதே கையக் கழுவிட்டு வந்து தட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டா. மத்ததுங்களுக்கு ஒரு மாசம் ஆகும். யாரு பழக்குனதுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. கேட்டிருக்கணும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க எனக்கு ஒரு மாச வேலைய மிச்சம் பண்ணியிருக்கீங்க."

நான் தலையை ஆட்டினேன். இந்த மனுஷி இவ்வளவு நல்லவராக இல்லாமல் இருந்திருக்கலாம். பொறாமைப்படுகிறதற்கும் ஒரு பிடி வேண்டும் இல்லையா.

பஸ் வந்தது. கூட்டம். டீச்சர் முன்னால் ஏறினார், என் தங்கை பின்னால். ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு கிடைத்தது. ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே கவரைத் திறந்து தாள்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

பஸ் நகர்கிற வரைக்கும் நின்றேன். எனக்குக் கை காட்டியது டீச்சர்.

நானும் காட்டினேன்.