தெய்வம்மாவுக்காகக் காத்தாயி கொடுத்த ரத்தம்

“பேரு சொல்லுங்க.”

“தெய்வம்மா.”

“காய்ச்சல் எப்ப இருந்து?”

“முந்தாநேத்து சாயங்காலம் தொடங்கிச்சு. கண்ணுக்குப் பின்னால ஒரே வலி.”

“இப்பக் காய்ச்சல் இருக்கா?”

“ஊட்டுல இருக்குங்க.”

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஸ்டெபி நிமிர்ந்து பார்த்தாள். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

“உடம்பு சுடலையே அக்கா?”

“எனக்கு எதுக்குங்க சுடணும்? நீங்க எடுங்க.”

மாத்திரை போட்டு வந்திருப்பாள் என்று ஸ்டெபி நினைத்துக்கொண்டாள். டாக்டரும் அப்படியேதான் நினைத்து, டெங்கு பார்க்கச் சொல்லியிருந்தார். பரிசோதனை அட்டையில் ஒரே கோடு. டெங்கு இல்லை.

மறுநாள் அவள் மறுபடி வந்தாள். “ரத்தம் குடுத்தும் காய்ச்சல் விடலைங்க.”

மறுபடியும் ஒரே கோடுதான். டாக்டர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தக் குளிரில் அட்டையே விறைத்துப்போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். ஸ்டெபி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அட்டைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, தான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் காலையில் அவளே கையை நீட்டினாள். “இன்னைக்குக் கொஞ்சம் கூடவே எடுத்துக்கங்க. தெய்வம்மா எந்திரிக்கவே இல்ல. கஞ்சியும் எறங்கல.”

ஊசி பாதி வழியில் நின்றது. “அப்ப நீங்க யாரு?”

“நான் காத்தாயி. பக்கத்து ஊடு.”

அந்த எஸ்டேட்டில் ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் பேரில் கொழுந்து பறிப்பாள். எடையும் அவள் பேரில்தான் விழும். காத்தாயி அதைக் கொழுந்தோடு நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு யார் யாருக்கோ அம்மாவாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறாள். சேரம்பாடியில் ஒரு சாவுக்கு, போக முடியாத ஒருத்திக்குப் பதிலாகப் போய் அவள் அழுத அழுகையில் செத்தவரின் சொந்த மகளே அவளைத் தேற்றவேண்டியதாயிற்று. ரேஷன் கடைக் கைரேகை மெஷின் ஒன்றுதான் அவளை ஏற்க மறுத்தது. அதன்மேல் அவளுக்குக் கோபம்.

“ரத்தத்துக்கெல்லாம் ஆள் மாத்துவாங்களா அக்கா?”

“அவளால மேடு ஏற முடியலைங்க. எனக்குப் பழக்கம்தானே?”

ஸ்டெபி திட்டுவதற்கு நேரமில்லாமல் ஊசியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இறங்கினாள். தெய்வம்மா உதடு காய்ந்து கிடந்தாள். ஊசியைப் பார்த்ததும், “அதான் காத்தாயி குடுத்தாளே, பத்தலையா?” என்று முனகினாள்.

இந்த முறை இரண்டாவது கோடு காத்திருக்க வைக்காமல் எழுந்தது. தட்டணுக்கள் மோசமாக இறங்கியிருந்தன. இன்னும் ஒரு நாள் காத்தாயியின் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, கூடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப் சொன்னார்.

தெய்வம்மா பிழைத்து வந்தாள். ஸ்டெபிக்கு இன்றும் மறக்காதது ஜீப் கிளம்பும் முன் நடந்ததுதான். கூடப் போக ஒரு ஆள் வேண்டும் என்றார் டிரைவர். காத்தாயி போர்வையோடு ஏறி, தெய்வம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எதையோ யோசித்து, தலையை வெளியே நீட்டி ஸ்டெபியைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு ஒரு நாள் என் பேருல நீங்க கொழுந்து எடுங்க சிஸ்டர். கூடை என்கூடப் பறிக்கிற செல்வி தருவா. சூப்பர்வைசர் கேட்டா, காத்தாயின்னு சொல்லிருங்க.”