கூடவே போன வார்டன்

சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில் ஜெயக்கொடி வார்டனாக இருந்தாள். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து, புருஷன் இறந்துபோன பிறகு மலையிறங்கி வந்தவள். ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு கடைசிப் பந்திவரை எட்டியதா என்பதுதான் அன்றைக்கெல்லாம் அவள் கவலை.

ஒரு தை மாதக் காலையில் மானசா சாப்பிட வரவில்லை. தாராபுரத்துப் பெண், பத்தொன்பது வயது, விடுதியிலேயே பெரிய வாயாடி. போய்ப் பார்த்தால் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நெற்றியில் கை வைத்ததும் வெடுக்கென்று விலகினாள்.

"வார்டனக்கா, அந்த சூப்பர்வைசர்..."

பஞ்சு குடோனில் நடந்ததைத் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தாள். "நாந்தான் தனியாப் போயிருக்கக் கூடாதுங்க்கா."

"நீ வேலைக்குப் போன, கண்ணு. தப்புப் பண்ணுனது அவன்."

விஷயம் காதுக்கு வந்ததும் மேனேஜர் ஜெயக்கொடியைக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்கம்மா, அந்தப் புள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காச்சி ஆக வேண்டாமுங்களா? சத்தமில்லாம ஊட்டுக்கு அனுப்பிச்சுப் போடுங்க. உங்க வேலைக்கும் பங்கம் வராதுங்க."

அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. தலையாட்டாமல் எழுந்து வந்து மானசாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன செய்யோணும்னு இருக்குது அம்மணி? நீ சொல்றதுதான்."

மானசா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். "அவன் மறுபடியும் அந்தக் குடோன்ல நிக்கக் கூடாதுங்க்கா."

இருவரும் டவுன்பஸ் ஏறி மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வந்தபோது ஜெயக்கொடியின் பெட்டி விடுதி கேட்டுக்கு வெளியே கிடந்தது.

ஒண்டிப்புதூரில் ஓர் அறை பிடித்தார்கள். ஊர் வாய்க்குப் பயந்து மானசாவின் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் போனில் அழுவாள். ஜெயக்கொடி மெஸ் ஒன்றில் சமையலுக்குப் போனாள். வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று.

அந்தக் காலத்தை இப்போது நினைத்தால் ஜெயக்கொடிக்கு ஏனோ கோர்ட்டு முதலில் ஞாபகம் வருவதில்லை. தகரக் கூரையில் மழை அடிக்க, இருவரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு வறுத்த கடலை தின்றது வருகிறது. தான் முணுமுணுக்கும் சர்ச் பாட்டை மானசா வார்த்தை மாற்றிப் பாடி வம்பிழுத்தது வருகிறது. பல மாதம் கழித்து அந்தப் பெண் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் இவள் நின்றது வருகிறது.

குறுக்கு விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு மானசா வெளியே வந்தாள். "போதுமுங்க்கா. இனி வரமாட்டேன்."

ஜெயக்கொடி புத்தி சொல்லவில்லை. "சரி, வா" என்று எதிர் பேக்கரிக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். பாதி பன் இறங்கியதும் மானசா நிமிர்ந்தாள்.

"மத்தியானம் மறுபடி கூப்புடுவாங்களாங்க்கா?"

"கூப்புடுவாங்க."

"அப்ப கையக் கழுவீட்டு வாரேன், இருங்க."

அவனுக்குப் பத்து வருஷம் சிறை கிடைத்தது. தீர்ப்பு வந்த மறுநாள் அப்பா வந்து வாசலிலேயே நின்றார். மானசாதான் "உள்ள வாங்கப்பா" என்றாள்.

அவள் நர்சிங் படித்து ஈரோட்டுக்கு வேலைக்குப் போன அன்று, ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்கத் தெரியாமல் ஜெயக்கொடி அரிசிப் பானை முன் நின்றாள். வழக்கை நடத்திய வக்கீல் ஃபெமினாதான், "மத்த ஹாஸ்டல் புள்ளைங்ககிட்டயும் வந்து பேசுங்களேன்" என்று அழைத்துப் போனாள். இன்றும் ஜெயக்கொடி போகிறாள். மைக் பிடித்தால் குரல் கம்முகிறது என்பதால் நாற்காலியை இழுத்துப்போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வாள். மானசாவின் பெயரை எங்கேயும் சொல்வதில்லை.

"உங்க சிநேகிதி வந்து அழுதா, 'நீ ஏன் அங்க போன'ன்னு மட்டும் கேட்டுப் போடாதீங்க, கண்ணுகளா. அவ சொல்றத நம்புங்க. என்ன செய்யோணும்னு அவளையே கேளுங்க. அப்பறம் கூடப் போங்க."

லீவுக்கு வந்தால் மானசா வெயில் ஏறும்வரை தூங்குகிறாள். ஜெயக்கொடி எழுப்புவதில்லை.