கையில் கொடுக்காத கத்தி

சவுக்குத் தோப்பு பின்னால் போய்விட்டது, செய்யூர் ரோடு இன்னும் கண்ணில் படவில்லை. நடுவில் வேர்க்கடலைக் கொல்லை. வரப்பில் நடந்துகொண்டே வலது பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் இடித்துக்கொண்டு, நானும் வருகிறேன் என்று சொல்வதுபோல இருந்தது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் எஃகுத் துண்டு அது. விரித்தால் குறடு. குறட்டின் இரண்டு கைப்பிடிக்குள்ளும் கத்தி, ரம்பம், அரம், ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறக்கும் கொக்கி. நாங்கள் அதைப் பிளேயர் கத்தி என்போம். அன்று காலைவரை அதன் கத்திக்கு முனை இருந்தது. இப்போது இல்லை.

தோப்பில் மரம் வெட்டும் கூட்டத்தில் இருந்தேன். மேஸ்திரியின் மரம் அறுக்கும் மெஷினில் சங்கிலி மாட்டிக்கொண்டது. "அந்த பிளேயர குடு" என்று கையை நீட்டினார். நானும் அவசரத்தில் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் குறட்டைத் திறக்கவில்லை. கத்தியை விரித்துச் சங்கிலிக்குக் கீழே விட்டு நெம்பினார். 'டக்'கென்று முனை உடைந்தது. நான் ஒன்று சொன்னேன், அவர் இரண்டு சொன்னார். மதியச் சோறு வேகுமுன் வேலையை விட்டுவிட்டு நடந்துவிட்டேன். வேலையை விடுவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதைப் பாதியில் விட்டவன், அதற்குப் பிறகு எதையும் முழுசாய் முடித்ததில்லை. ஆனால் கையில் கொடுத்தேனே, அதுதான் உறுத்தியது. அந்த அக்காவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்ததும் வரப்பிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் நான் மோட்டார் போடுவது, தண்ணித் தொட்டி கழுவுவது, ஓடு மாற்றுவது என்று கைக்கு வந்த வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது அங்கே அறை கூட்டிப் பெருக்கியவள். அவள் புருஷன் மீனவர், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். அவரை மாமா என்று கூப்பிடுவேன். லாட்ஜுக்கு வெள்ளைக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். ஊர் திரும்பும்போது கைப்பையில் கத்தியும் லைட்டரும் இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் கடைசி நாள் காலையில் அவற்றை மேசைமேலோ தலையணைக்குக் கீழோ விட்டுவிட்டுப் போவார்கள். பனியன், சார்ஜர், புத்தகம் எல்லாம் முதலாளிக்கு. கத்தியும் லைட்டரும் அக்காவுக்கு. அது அவர்களுக்குள் எப்போதோ பேசி முடித்த ஏற்பாடு.

அறை காலியானது என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் கால் நிற்காது. நான் மாடியில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தாலும் இறங்கி வந்துவிடுவேன். அக்கா துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய் முதலில் தலையணையைத் தூக்குவாள். "வந்துச்சுடா!" என்று ஒரு குரல் வரும். பரிசுப் பெட்டியைத் திறந்ததுபோல மனசு குதிக்கும். ஒருநாள் சிவப்புக் கைப்பிடி வைத்த மடக்குக்கத்தி, ஒருநாள் மூடியைத் தட்டினால் 'டிக்'கென்று ஓசைப்படும் பெட்ரோல் லைட்டர், ஒருநாள் மொட்டை மொட்டையாக நாலு பிளாஸ்டிக் லைட்டர். எல்லாம் அவளுடைய பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

சேர்த்து வைத்துப் பார்ப்பதோடு அவள் நிற்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்துவிடுவாள். சிவப்புக் கத்தியில் புட்டித் தக்கை பிடுங்கும் சுருள் கம்பி ஒன்று இருந்தது. புட்டி திறக்க அவள் வீட்டில் என்ன இருக்கிறது? இறுகிப்போன கொடிக்கயிற்று முடிச்சுக்குள் அதை விட்டு ஒரு திருகு திருகுவாள், முடிச்சு தளர்ந்துவிடும். அதே கத்தியிலிருந்த சின்ன இடுக்கியால் மாமாவின் விரலில் ஏறிய மீன் முள்ளைப் பிடுங்குவாள். பல்குத்தும் குச்சியை மட்டும் மாமா காது குடையப் பயன்படுத்துவார். அதற்கு ஒரு சண்டை நடக்கும். கடற்கரைக் காற்றில் எந்த எஃகும் ஒரே வாரத்தில் துருவேறிவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசி, மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி உட்கார வைத்ததுபோல் வரிசையாகக் காய வைப்போம். லைட்டருக்குக் கல் மாற்றுவது என் வேலை. தீப்பொறி முதல் தட்டிலேயே பறந்தால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கறாராக இருந்தாள். கத்தியைக் கையில் கொடுக்க மாட்டாள், கையில் வாங்கவும் மாட்டாள். தரையில் வைப்பாள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையிலிருந்து கைக்குப் போனால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்களே, அதுதான். நம் பக்கத்தில் உப்பையும் மிளகாயையும்கூடச் சிலர் அப்படித்தான் கொடுப்பார்கள். ஆனால் அக்கா அதன்மேல் தன் சட்டம் ஒன்றையும் ஏற்றி வைத்திருந்தாள். மாற்றிக்கொள்ள வேண்டுமானால் ஒருவர் தன் பொருளைக் கீழே வைக்க வேண்டும், மற்றவர் தன்னுடையதை எதிரே வைக்க வேண்டும். எடுத்தால் எடுத்ததுதான். பேரம் கிடையாது, மறுநாள் வந்து அழக்கூடாது.

அந்தப் பிளேயர் கத்தி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பலகையில் நின்று அலை ஓட்ட வந்து, ரொம்ப நாள் தங்கியிருந்த ஒரு ஆள் விட்டுவிட்டுப் போனது. அக்கா அதை விரித்தபோது ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. அது கையில் இருந்தால் பம்பு செட்டோ படகு எஞ்சினோ, எந்த ஊரிலும் போய் நின்று வேலை கேட்கலாம் என்று அந்த நிமிடமே தோன்றியது. வெறும் கையோடு நிற்பவனைக் கூலிக்குக் கூப்பிடுவார்கள். கருவியோடு நிற்பவனை வேலைக்குக் கூப்பிடுவார்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

என்னிடம் அச்சரப்பாக்கம் சந்தையில் வாங்கிய மரப்பிடி மடக்குக்கத்தி ஒன்றுதான் இருந்தது. அதை அவள் முன்னால் தரையில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"மாத்திக்கலாம்க்கா."

"கரும்பு சீவற கத்திய வெச்சிகினு கப்பலையே கேக்கறான் பாரு. எடுத்து உள்ள வெய்யி."

எத்தனை முறை வைத்தேன் என்று கணக்கில்லை. மாடிப்படியில் வைத்தேன், துணி ஊறவைத்த பக்கெட் பக்கத்தில் வைத்தேன், அவள் சாப்பிடும்போது தட்டுக்கு எதிரே வைத்தேன். ஒவ்வொரு முறையும் துடைப்பத்தால் என் பக்கமே தள்ளிவிடுவாள்.

ஞாயிறு சாயங்காலம் லைட்டர் பந்தயம் நடக்கும். கடற்கரையில் காற்றைப் பார்த்து உட்கார்ந்து ஆளுக்கொரு லைட்டரைத் தட்ட வேண்டும். கடைசிவரை யாருடையது அணையாமல் நிற்கிறதோ அவருக்கு மற்றவர்கள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். கரையில் வலை பிரிக்கும் ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள். அன்றைக்கு வாடைக் காற்று புதிதாகத் தொடங்கியிருந்தது. பிளாஸ்டிக் லைட்டர்கள் மூச்சுகூட விடவில்லை. 'புஸ்'ஸென்று நீலமாகச் சீறும் ஜெட் லைட்டர் ஒன்று வலைக்காரர் கையில் இருந்தது. அக்கா கையில் பெட்ரோல் லைட்டர். இரண்டும் அணையவில்லை. "ஊதிடாதடா பாவி, மூஞ்ச அப்பால திருப்பு" என்று அவள் என்னை விரட்டினாள். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒருவர் கடலைக் காட்டினார்.

மாமாவின் படகு. கரைக்கு வர வேண்டிய படகு, அலை உடைகிற இடத்துக்குச் சற்று வெளியே பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. மாமாவும் கூட்டாளியும் எஞ்சினின் விசிறி மாட்டிய நீளத் தண்டைத் தூக்கிப் படகுக்குள் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நைலான் கயிறு சுற்றியிருக்கிறது என்று கரையில் இருந்தவர்களுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மாமா வெறுங்கையைத் தூக்கி அறுப்பதுபோல ஆட்டிக் காட்டினார். கத்தி இல்லை. காற்று படகைத் தெற்கே கல் கொட்டியிருந்த பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கல்லில் ஏறினால் படகு உடையும். அந்த அலையில் ஆளும் தப்புவது கஷ்டம்.

நான் சட்டையைக் கழற்றினேன். அக்கா லைட்டர்களோடு எடுத்து வந்திருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள். மணலில் கத்தியெல்லாம் சிதறின. அவள் கை நேராகப் பிளேயர் கத்திக்குப் போனது. "ரம்பம் கீது, இதான். ஓடு!" என்று என் உள்ளங்கையில் அதை அறைந்தாள். நான் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

மதுராந்தகம் ஏரியில் நீந்தியவன் நான். கடல் வேறு. முதல் அலை என்னைக் கரைக்கே திருப்பிப் போட்டது. இரண்டாவது அலைக்கு அடியில் போனேன். பிளேயர் கத்தியைப் பல்லில் கடித்திருந்தேன், உப்பும் எஃகுமாக வாயெல்லாம் கரித்தது. அந்தக் கூட்டாளி என் முடியைப் பிடித்துத்தான் படகுக்குள் இழுத்தார். கயிறு சாதாரணமாகச் சுற்றவில்லை, சூட்டில் உருகித் தண்டோடு ஒட்டிக் கட்டையாகியிருந்தது. ரம்பத்தை வைத்து இழுத்தேன். வெள்ளைத் தூள் பறந்தது. "ஆவுது, ஆவுது, இன்னும் இழு!" என்று மாமா என் காதுக்குள் கத்தினார். கற்கள்மேல் அலை மோதும் சத்தம் பக்கத்தில் கேட்டது. வெட்டிய நுனியைக் குறட்டால் பிடித்து நானும் மாமாவும் சேர்ந்து பின்னால் சாய்ந்தோம். கட்டை ஒன்று பெயர்ந்து வந்தது. மீதி கையாலேயே கழன்றது. தண்டைத் தண்ணீரில் இறக்கி மாமா எஞ்சினைச் சுண்டினார். பிடித்துக்கொண்டது! படகு மூக்கைத் திருப்பி, ஒரு பெரிய அலையின் முதுகில் ஏறி, கரை மணலில் 'சர்'ரென்று ஏறி நின்றது. என் ஆயுளில் அவ்வளவு வேகமாக எதிலும் நான் போனதில்லை. இறங்கியதும் என் வாய் நிற்காமல் சிரித்தது. வலைக்காரர் ஜெட் லைட்டரைத் தட்டிக் காட்டி, "இன்னும் அணையல, பஜ்ஜி எனக்குத்தான்" என்றார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் தலையைத் துவட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கையில குடுத்துட்டேன்டா."

"ஆளே பொழச்சி வந்துகீறேன். இவ கத்தியப் பத்திப் பேசிகினு கீறா" என்றார் மாமா.

"நீ சும்மா இருய்யா. எனக்கும் இவனுக்கும் சண்டை வரும், பாரு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வாரம் நானும் அவளும் சோப்புப் பக்கெட்டுக்காக ஒருமுறை, கழுவாத டம்ளருக்காக ஒருமுறை முறைத்துக்கொண்டோம். அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த ஊரில் கால் தரிக்காமல் போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் நான் படி இறங்கி வரும்போது கடைசிப் படியில் பிளேயர் கத்தி இருந்தது. மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெய் போட்டு, பளபளவென்று. அக்கா இரண்டு அடி தள்ளி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எட்த்துகினு கெளம்பு. பெரிய சண்டை வர்றதுக்குள்ள போயிடு. ரோட்டையே பாத்துகினு கீறியே, எனக்குத் தெரியாதா?"

நான் மரப்பிடிக் கத்தியை எதிரே வைத்தேன். இந்த முறை துடைப்பம் வரவில்லை. குனிந்து எடுத்து, விரித்துப் பார்த்து, "கரும்புக்காவது ஆவும்" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். நானும் என்னுடையதை எடுத்தேன். எடுத்தால் எடுத்ததுதான்.

அதன்பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. முனை உடைந்த அன்று, கடலைக் கொல்லை முடிந்து செய்யூர் ரோடு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். அந்த லாட்ஜ் இப்போது கண்ணாடி வைத்த நாலு மாடி. அக்கா அங்கேதான் இருக்கிறாள், அறை கூட்டும் பெண்களுக்கெல்லாம் தலைவி. லைட்டர் வருவது குறைந்துவிட்டதாம். வருகிறவர்கள் பேனாபோல எதையோ உறிஞ்சிப் புகை விடுகிறார்களாம். கத்தி மட்டும் இன்னும் வருகிறதாம், டின் மூன்றாகிவிட்டதாம். நான் முனை உடைந்த கதையைச் சொன்னேன்.

"கையில குடுத்தியா?"

"அவசரத்துல குடுத்துட்டேன்க்கா."

"அப்ப நீ திட்டு வாங்குனது கரெக்ட்டு." கொஞ்ச நேரம் சிரித்தாள். "முனைதானே போச்சு, உயிரா போச்சு? சாணை புடிச்சா புது முனை வந்துடும். ரம்பம் நல்லா கீதா?"

"நல்லா கீது."

"அப்ப ஏன் அழுவற? போயிகினே இரு."

கூவத்தூர்வரை ஒரு மினி லாரி, அங்கிருந்து பஸ். சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி, இருட்டியதும் பஸ் நிறுத்தத்திலேயே படுத்துவிட்டேன். காலையில் மீன் இறங்கும் இடத்துக்குப் போனேன். ஓலைக் கொட்டகை ஒன்றில் படகு எஞ்சின்கள் பிரிந்து கிடந்தன. மெக்கானிக் ஒரு கையால் எதையோ அழுத்திப் பிடித்தபடி, இன்னொரு கையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, பிளேயர் கீதா உன்கிட்ட?"

நான் எடுத்து விரித்தேன். அவர் கை நீண்டது. நான் அந்தக் கையில் கொடுக்காமல், கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் வைத்தேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து, குறட்டால் எஞ்சினிலிருந்த பூட்டு ஊசி ஒன்றைப் பிடுங்கினார். வேலை முடிந்ததும் கிரீஸை லுங்கியில் துடைத்து, மடித்து, நான் வைத்த அதே இடத்தில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"எஞ்சின் வேல தெரியுமா?"

"கயிறு அறுக்கத் தெரியும். மீதி கத்துக்குவேன்."

"நாஸ்தா துன்னியா?"

"இல்ல."

"துன்னுட்டு வந்துரு. இந்த எஞ்சின் மதியத்துக்குள்ள கடலுக்குப் போவணும்."

படகின்மேலிருந்து கத்தியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இட்லிக் கடைப் பக்கம் வேகமாக நடந்தேன்.