பதினோராவது வரி வரைக்கும்

என் அண்ணனை விசுவாசம் இல்லாதவன் என்று ஒரு தாளில் எழுதி, மூன்று பேர் கையெழுத்தும் போட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நிதானமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவன் பாய்லர் பார்ப்பவன். இருபத்தெட்டு வருடம். அதே கூடத்தில் நான் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். என் இயந்திரத்துக்கு ஆவி அவனிடமிருந்துதான் வருகிறது. என் இடது பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் அவன். ஆவியின் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து 'முள்ளு' என்றே அவனுக்குப் பெயராகிவிட்டது. கல்யாணப் போட்டோவில்கூட அண்ணியைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அண்ணி இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தேச விசுவாச உறுதிமொழி ஒரே வரி. வருடத்துக்கு ஒரு நாள், நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். அப்புறம் ஒரு அரசாங்கம் வந்து ஒரு வரி சேர்த்தது. அடுத்து வந்தவர்களுக்கு அதை எடுக்கப் பயம். தங்கள் பங்குக்கு இரண்டு சேர்த்தார்கள். இப்போது பதினோரு வரி, தினமும் காலை ஒன்பதுக்கு, நிறுத்தி நிறுத்தி நாலரை நிமிடம். வலது கை தோள் உயரத்தில், உள்ளங்கை வெளியே தெரிய வேண்டும். கொடிக்கு முதுகு காட்டக் கூடாது. வேறு பேச்சு கூடாது, நகரக் கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும். விழுங்கினால் விசுவாசம் கூடுமா என்று ஒருமுறை கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

வினையே இங்கேதான். ஒன்பது மணிக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் இயந்திரங்களை நிறுத்திவிடுவோம். ஆவி போக இடம் இருக்காது, பாய்லரில் அழுத்தம் ஏறும். தானாகத் திறக்க வேண்டிய வால்வு பழசு, பாதி நாள் ஒட்டிக்கொள்ளும். மாற்றச் சொல்லி அண்ணன் மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. அதனால் அந்த நாலரை நிமிடமும் முள்ளைப் பார்த்தபடி, இடது கையால் இன்னொரு வால்வைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே உறுதிமொழி சொல்வான். ஒரு வரி விட்டதில்லை.

புது மேலாளர் வந்தார். சுற்றறிக்கைப்படி எல்லா அறையிலும் கொடியைக் கிழக்குச் சுவரில் மாட்டினார். பாய்லர் அறையில் அது அண்ணனின் முதுகுப் பக்கம்.

"திரும்பி நில்லுங்க," என்றார்.

"திரும்பினா முள்ளு தெரியாதுங்க. கொடிய இந்தப் பக்கம் மாட்டலாமே?"

"உங்களுக்காகக் கொடி இடம் மாறாது."

மறுநாள் அண்ணன் வீட்டிலிருந்து சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து முள்ளுக்குப் பக்கத்தில் மாட்டினான். முள்ளும் தெரிந்தது, கொடியும் தெரிந்தது. மேலாளர் வந்து பார்த்தார். கண்ணாடியில் கொடி இடம் வலம் மாறித் தெரிகிறது, இது அவமதிப்பு என்று எழுதினார். படித்த மனுஷன் எழுதியது இது.

மூன்று பேர் உட்கார்ந்து நடத்திய விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். "உங்க அண்ணன் கொடிக்கு முதுகு காட்டினாரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." என் வேலையும் போய்விடுமோ என்று பயந்து, "காட்டினாரு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதிகூட மேலாளர் மேல் இல்லை.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சமையலறை பாய்லரிலிருந்து ஒரு மாற்றாளைப் போட்டார்கள். பாவம், சொன்னபடி கொடியைப் பார்த்து நின்றார். மூன்றாம் நாள் ஏழாவது வரியில் ஆவிக் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அவர் முதுகு முழுக்க வெந்துவிட்டது. மேலாளர் வார்டுக்குப் போய் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார், நின்ற இடத்தை விட்டு நகராமல் இருந்ததற்கு. குப்புறப் படுத்திருந்தவரால் வாங்க முடியவில்லை. தலையணை மேல் வைத்துவிட்டு வந்தார்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. அண்ணனையே கூப்பிட்டார்கள். இனிமேல் கொடியைப் பார்த்தே நிற்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வால்வு என்ன ஆச்சு என்று அவன் கேட்டதற்கு, "எழுதியிருக்கோம்" என்றார்களாம்.

"கையெழுத்துப் போட்டுட்டியாண்ணே?"

"ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பொண்ணு படிப்பு முடியணும். வேற என்ன பண்ணச் சொல்ற?"

அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை ஒன்பதுக்கு மணி அடித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் பாய்லருக்கு முதுகைக் கொடுத்து, கொடியைப் பார்த்துக் கையை உயர்த்தினான். கழுத்தெல்லாம் வேர்வை. எங்கள் கூடத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நானும் கொடியைப் பார்த்து நின்றேன். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, முதல் வரியை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். என் இயந்திரத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஆள் நகரக் கூடாது என்றுதான் சுற்றறிக்கை சொல்கிறது. இஸ்திரி உருளை சுழலக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

பக்கத்து இயந்திரத்துக்காரி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். இடது கையை நீட்டித் தன் லீவரைத் தள்ளினாள். அவளுக்கு அடுத்தவளும் தள்ளினாள். நாலாவது வரிக்குள் ஒன்பது இயந்திரம் ஓடியது, ஆவி சீறிக்கொண்டு போனது.

முன்னால் நின்ற மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. நிறுத்து என்று கத்த வேண்டும் அவருக்கு. ஆனால் வாயில் உறுதிமொழி தவிர எதுவும் வரக் கூடாதே. கையை இறக்கவும் முடியாமல், நகரவும் முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பதினோராவது வரி வரைக்கும் சொன்னார்.

முடிந்ததும் அண்ணன் திரும்பி முள்ளைப் பார்த்தான். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தான். மேலாளர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். வரட்டும் என்று நின்றேன்.