கத்தாதவளுக்கு வலி இல்லையா?

டாக்டரம்மா, நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். போன மாதம் உங்கள் ஆஸ்பத்திரி ஆண்டுவிழாவில், துரைசானியையும் ஊர்ப் பெரியவர்களையும் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, குப்பத்துப் பெண்கள் வலி வந்தாலும் வாய் திறந்து சொல்வதில்லை, அதனால்தான் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறார்கள் என்று பேசினீர்கள். நான் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் என் அண்ணி உங்களிடம் வாய் திறந்து சொன்னாள். சொன்னபோது அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அண்ணி இராயபுரம் கரையில் கூடை சுமந்து மீன் விற்றவள். குரல் எப்போதும் தாழ்ந்துதான் வரும். ஆனால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, எவனையும் விலைக்கு இறங்கவைத்துவிடுவாள். அவளுடைய முதல் குழந்தை வீட்டில் பிறந்து உடனே போய்விட்டது. பிறப்பதற்கு முன் பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்தது. அதை அவள் மறக்கவில்லை. இரண்டாவது உண்டானபோது உங்கள் ஆட்கள் குப்பத்துக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், பிள்ளை பிழைக்கும் என்றார்கள். என் அம்மா வேண்டாம் என்று தடுத்தாள். அண்ணி கேட்கவில்லை. "இந்தக் கொயந்தய அங்கதான் பெத்துப்பேன். எனுக்கு இன்னா வோணும்னு கேக்க எனுக்கு வாய் கீது" என்றாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் கடலில் இருக்கும்போது பிள்ளை பெறுகிறவள் கத்தக்கூடாது. கரையில் ஓலம் எழுந்தால் கடலில் இருப்பவனுக்கு ஆகாது என்பார்கள். முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வாள். கட்டுமரம் கரை ஏறிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். மூடத்தனம் என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் எங்கள் வீடுகளில், ஒருத்தி சத்தமில்லாமல் பல்லைக் கடித்தால் வலி முற்றிவிட்டது என்று எல்லோருக்கும் புரியும்.

உங்கள் ஆஸ்பத்திரியிலும் ஒரு வழக்கம் இருந்தது. கத்துகிறவளை உள்ளே கூட்டிப்போவீர்கள். கத்தாதவள் தாழ்வாரத்து பெஞ்சில் கிடக்க வேண்டும்.

அன்று அண்ணன் விடியுமுன்னே கடலுக்குப் போயிருந்தான். காலையில் அண்ணிக்கு வலி கண்டதும் ஜட்கா வண்டி பிடித்துக் கூட்டிவந்தேன். காற்றே இல்லை. கடல் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. தாழ்வாரம் முழுக்கத் தரை கழுவும் கார்பாலிக் மருந்து நெடி. உள்ளே ஒருத்தி அலறிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவள் அலறல் நின்றது. குழந்தை அழும் சத்தத்துக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். அது வரவே இல்லை. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆயாவைக் கூப்பிட்டு அண்ணி சொன்னாள்: "பனிக்கொடம் ஒடைஞ்சிட்ச்சு. தண்ணி பச்சையா வந்துகினு கீது."

"கத்தாத பொம்பளைக்கு இன்னாமே அவசரம்? குந்து. நேரம் வந்தா நீயே கூவுவ."

பிறகு நீங்களே வெளியே வந்தீர்கள். அண்ணி எழுந்து உங்கள் வழியை மறித்து நின்றாள். "அம்மா, தண்ணி பச்சையா வருது. மொதக் கொயந்தைக்கும் இப்டித்தான் வந்துச்சு. இந்தக் கொயந்த காலைலேந்து அசையல. என்னைப் பாருங்க." இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? நீங்கள் அவள் வயிற்றில் கை வைக்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தீர்கள். "வலி எடுத்தவ இவ்வளவு நிதானமாப் பேசமாட்டா. உட்காரும்மா" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டீர்கள்.

"அண்ணி, கத்து. பொய்க்காவது கத்து" என்றேன்.

"உங்கண்ணன் கரை ஏறட்டும்மே. அப்புறம் பாரு, இந்தக் கூரை பறக்கும்" என்றாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

அதனால் நான் கத்தினேன். அவளுக்குப் பதிலாகத் தரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினேன். உடனே ஆயாக்கள் டோலியோடு ஓடிவந்தார்கள். வலி இல்லாத என்னைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். "எனுக்கு இல்ல, அவளுக்கு" என்று கை நீட்டினேன்.

"நாடகமா ஆடற? இது இன்னா கூத்துக் கொட்டாயா?" என்று என்னை இழுத்துப்போய் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். அண்ணி தனியாக இருந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கால்விரல்கள் மடங்கி விரிந்தன, மடங்கி விரிந்தன. பிறகு விரியவே இல்லை. அந்தத் தாழ்வாரத்தில் எத்தனை பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருத்திகூடக் குனியவில்லை.

வெயில் சாய்ந்தபோது அண்ணன் வந்தான். இடுப்புத்துணி ஈரம், முழங்கால் வரைக்கும் மணல். கேட்டைப் பிடித்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் குரல் காதில் விழுந்ததும் அண்ணி கத்தினாள். காலையிலிருந்து அடக்கியது மொத்தமும் ஒரே ஓலமாக வந்தது. உள்ளே ஆட்கள் ஓடினார்கள். "இப்பத்தான் வலி எடுத்துகீது" என்று ஆயா கூவியது எங்களுக்குக் கேட்டது.

ஆண் குழந்தை. நீலம் பாரித்துப்போய்ப் பிறந்தது. அழவில்லை. நீங்கள் கை துடைத்துக்கொண்டே வந்து அண்ணனிடம், "முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா? உங்க ஜனம் வாயே திறக்கறதில்லை" என்றீர்கள். அவன் உங்களைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்றான். செத்தது அவன் பிள்ளை, மன்னிப்புக் கேட்டவனும் அவன். அதற்குப் பிறகு அண்ணிக்குப் பிள்ளையே உண்டாகவில்லை.

இப்போது உங்களுக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. மின்சார விசிறி சுற்றுகிறது. போன வாரம் கர்ப்பமாக இருக்கும் என் மகளை அங்கே கூட்டிப்போனேன். ஆயா புதியவள். பெஞ்ச் அதேதான். அதில் ஒரு பெண் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளிடம் வரவில்லை. நான் போய் ஆயாவிடம் சொன்னேன். "கத்தட்டும், பார்க்கலாம்" என்றாள். என் மருமகனும் கடலுக்குத்தான் போகிறான்.

இதை அச்சடிக்கும் பத்திரிகையிலேயே பதில் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வாருங்கள். அண்ணி அங்கே நிற்பாள். குப்பமே நிற்கும். தண்ணீர் பச்சையாக வருகிறது என்று அவள் சொன்னாளா, இல்லையா? நீங்கள் கை வைத்துப் பார்த்தீர்களா, இல்லையா? பந்தலில் பேசிய அதே குரலில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.